மூன்று தடவை செத்தவன்

கொழும்பிலிருந்து வந்த படக்காரரிடம்
புருஷன் வேஷத்துக்கு மூன்று நடிகர் இருந்தார்கள்.
செத்தபின் கிடக்கத்தான் ஆளில்லை.
இந்தக் குளிரில் குப்புறக் கிடக்கமாட்டோம் என்று
மூன்று பேரும் ஒரே வாயாய்ச் சொல்லிவிட்டார்களாம்.
முதுகுதானே, எவன் முதுகாயிருந்தால் என்ன என்று
பெரட்டுக்களத்தில் வந்து கேட்டார்கள்.
நான் கை தூக்கினேன்.
அன்றைக்கு மலையில் எனக்குப் பேர் விழவில்லை.
பெரிய பங்களாவில்
என் பேர் டெட்பாடி.

முதல் சாவு மாடிப்படியில்.
பேங்க் மேனேஜராம், கோட்டு சூட்டு.
தொளதொளத்த கோட்டை முன்பக்கம்
உடுப்புக் கிளிப் போட்டு இறுக்கினார்கள்,
முன்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள்.
அந்தம்மா, படத்தில் என் பெண்சாதி,
என்னைத் தாண்டிப்போய்
பூச்சாடியில் தண்ணீர் மாற்றினாள்.
சேலை நுனி காதில் பட்டது.
சிரித்துவிட்டேன்.
மறுபடி சாகச் சொன்னார்கள்.

இரண்டாவது சாப்பாட்டு மேசையில்.
சூப்பில் ஊமத்தை.
பங்களா வேலியில் தலைகீழாய்த் தொங்குமே
அந்தப் பெரிய வெள்ளைப் பூ,
நாங்கள் ஆட்டைக்கூட அண்டவிடாத பூ.
அதை அவள் நறுக்கி முடிக்கும்வரை
கமரா அவள் விரலை விட்டு நகரவில்லையாம்.
என் முகம் தட்டில் கவிழ்ந்திருந்தது.
தட்டில் இருந்தது வெறும் உருளைக்கிழங்குக் கரைசல்.
காலையில் சாப்பிடவில்லை, கொஞ்சம் நக்கிக்கொண்டேன்.
செத்தவன் நக்கியதை
ஒருவரும் காணவில்லை.

மூன்றாவது மவுசாக்கலைத் தண்ணீரில்.
நீர் இறங்கி, மூழ்கிப்போன பழைய கோயில்
இடுப்பளவு எழுந்து நின்ற மாசம்.
மிதக்கணும், மூச்சு விடப்படாது என்றார் டைரக்டர்.
ஐம்பது எண்ணுமட்டும் மிதந்தேன்.
அடியிலே பழைய டவுன் தெரு தெரிந்தது,
ஒரு கடைக்குப் பலகைகூட இருந்தது என்று
லயத்தில் பிறகு கதை விட்டேன்.
பொய். கண்ணை இறுக்கி மூடியிருந்தேன்.
முப்பதைத் தாண்டும்போது
எண்ணிக்கை தப்பி
அருளாயியின் மணிக்கட்டு ஞாபகம் வந்தது.

கரையில் கூட்டத்தோடு கூட்டமாய் அவள் நின்றாளாம்,
கொழுந்து நிறுத்துவிட்டு,
படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியபடி.
என்னைத் தூக்கிக் கரையில் போட்டபோது
மற்றப் பெண்கள் வாயைப் பொத்தினார்கள்.
அவள் பொத்தவில்லை.

மூன்று சாவுக்கு மூன்று பேர் கேட்டேன்.
மேனேஜர் பையன் கணக்குப்பிள்ளைக்கு மேல்,
ஒரே முதுகுதானே என்றான்.
இழுபறிப்பட்டு இரண்டரைப் பேர் தந்தான்.
நடுங்கிக்கொண்டே எண்ணி வாங்கினேன்.
அதில் அரைப்போத்தலுக்குப் போனது போக
மீதியைத்தான் அவளிடம் கொடுத்தேன்.

ராத்திரி ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்டாள்:
"அந்த மூணு பேரும் அவளை அடிச்சாங்களா?"
அப்படி ஒன்றும் படத்தில் இல்லை,
அவளுக்குப் பைத்தியமாம், டைரக்டர் சொன்னார் என்றேன்.
"ம்" என்றாள்.
ரொட்டியைப் புரட்டினாள்.
இடது கையால் புரட்டினாள்.
தீவாளி அட்வான்ஸ் வாங்கிய இரவு நான் முறுக்கி,
கோணலாகவே ஒட்டிக்கொண்ட கை.

"பூ எத்தனை போட்டா?"
எனக்கெப்படித் தெரியும், நான் தட்டில் கிடந்தேன்.
"ஆமா, நீங்க குப்புறக் கிடந்தீங்க.
நான் யன்னல்ல நின்னு பார்த்தேன்.
மூணு."
சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை வைத்தாள்.
இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள்.
சீனி கையில் நக்கக் கொடுத்தாள், எப்போதும் போல.
அவள் கோப்பையைப் பார்த்தேன்.
அதில் ஆவி பறந்தது, இதிலும் பறந்தது.
குடித்தேன். வேறு என்ன செய்ய.

படம் இன்னும் வரவில்லை.
மஸ்கெலியா டவுனுக்குப் போகும்போதெல்லாம்
போஸ்டர் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.
குப்புறப் படுப்பதை விட்டுவிட்டேன்.
குடியையும்
அநேகமாய்.

நடுச்சாமத்தில் அவள் எழும்புகிறாள்.
என் மூக்குக்குக் கிட்டே
அந்தக் கோணல் கையின் விரலை வைத்துப் பார்க்கிறாள்.
நான் அசையாமல் கிடக்கிறேன்,
அதுதான் எனக்கு நன்றாக வரும் தொழில்.
இருக்கிறானா என்று பார்க்கிறாளா,
இன்னுமா என்று பார்க்கிறாளா,
இருட்டில் அவள் முகம் தெரிவதில்லை.