அங்க அடையாளம்

தங்கச்சிமடம் காவல் நிலையத்தில்
பேனாவைத் தட்டிக்கொண்டே ஏட்டையா கேட்டார்:
“வீட்டுக்காரரோடதா?”
என்னோடது சார்.
“சர்ச்சோடதோ?”
என்னோடது.
பிளாண்டினா, வயது ஐம்பத்துமூன்று,
பாம்பனில் ஐஸ் கம்பெனிக் கணக்கு.
எழுதினார்:
கரண்டில் வாசிக்கும் கிட்டார், ஒன்று.

அங்க அடையாளம் சொல்லும்மா.

அன்று பிடித்த சங்கராவின் சிவப்பு.
ஓரங்களில் மட்டும்
நாலு நாள் பெட்டியில் கிடந்த சங்கரா.
ஜப்பானில் செய்தது, நான் பிறக்க நாலு வருஷம் முன்னால்.
பின்தகட்டு நம்பரை உப்புக்காற்று தின்றுவிட்டது,
ஒரு மூன்றும் ஒரு ஏழும் மிச்சம்.
கழுத்தின் மேல்முனையில், கம்பிகள் ஏறி இறங்கும் இடத்தில்,
ஒடிந்த பிளாஸ்டிக்குக்குப் பதில் வெண்சங்குத் துண்டு.
கீழக்கரைப் பட்டறையில் நெய்னா முகம்மது
வளையலுக்கு ஆகாததில் அறுத்து
ஆறு பள்ளம் கீறித் தந்தான்.
காசு வேண்டாம், ஒருதரம் தட்டிக் காட்டு என்றான்.

ஏட்டையா ‘சங்கு’ என்று எழுதி
அடித்துவிட்டு
‘வெள்ளை’ என்று எழுதினார்.

கொடியிறக்கம் முடிந்த ராத்திரி.
ரெமிஜியுஸ் டிரம்ஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.
இட்லி வாங்கப் போய்த் திரும்பிய பத்து நிமிஷம்.
வண்டியின் பின்னால் ஆம்ப் இருந்தது, ஒயர் இருந்தது,
கிட்டார் மேல் போர்த்தியிருந்த துண்டு
நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.
அந்த மடிப்புதான் இன்னும் பொறுக்கவில்லை.

“பில் இருக்கா?”

பில் இல்லை.
தொண்ணூறில், மண்டபம் முகாமில்,
பேசாலையிலிருந்து படகில் வந்திருந்தான் ஞானசீலன்.
ஒரு தோளில் மகள், மறு தோளில் இது.
மகளுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.
என்னிடம் சீட்டு எடுத்த எழுநூறு ரூபாய் இருந்தது.
“விக்கேல்லை தங்கச்சி,
கொஞ்ச நாள் வச்சிருங்கோ” என்றான்.
நான் அதை விலை என்றே கேட்டுக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து வந்தான்,
உச்சி வெயிலில்,
சிமெண்டு காய்ந்து வெடித்த கையில்
எழுநூறும் மேலே ஐம்பதும்.
நிலைப்படியை மறித்து நின்றுகொண்டு
“மதுரைக்காரர் ஒருத்தர் கேட்டாரு, குடுத்துட்டேனே” என்றேன்.
கட்டிலுக்கடியில்
பழைய சேலைக்குள் கிடந்தது அது.
அப்போது பார்த்துப் பாலத்தில் ரயில் ஏற,
தரை அதிர்ந்து
உள்ளே ஒரு கம்பி,
நிச்சயமாக ஒரு கம்பி,
முனகியது.
கேட்டானா, தெரியாது.
தண்ணீர் கேட்டான். குடித்தான். செம்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

“அன்பளிப்புன்னு போட்டுக்கவா?”
போட்டுக்குங்க சார்.
“யார் மேலயாவது சந்தேகம்?”
இல்லை.

ராத்திரி ஆம்பைப் போட்டேன்.
ஒயரின் நுனியில் ஒன்றுமில்லை.
விரலால் தொட்டேன்.
ம்ம்ம் என்றது,
ஐஸ் கம்பெனி மோட்டார் தூரத்தில் ஓடுவதுபோல.
முப்பத்துநாலு வருஷமாக
அதை கிட்டாரின் இரைச்சல் என்று
திட்டிக்கொண்டிருந்தேன்.
விரலை எடுத்தேன், நின்றது.
மறுபடி தொட்டேன்.

எடுத்தவனே,
மூன்றாவது முறுக்காணி வழுக்கும்,
கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றி வை.
எர்த் கிடையாது, ஈரக் கையோடு பிடித்துக்கொண்டு
மைக்கில் உதடு வைக்காதே, பொறி பறக்கும்.
கம்பி வாரம் ஒருதரம் துருவேறும்,
மண்ணெண்ணெய்த் துணி போதும்.
விற்பதென்றால் சட்டென்று விற்று முடி.
வாசிப்பதென்றால் திருவிழாவில், ஊர் பார்க்க வாசி.
கட்டிலுக்கடியில் மட்டும் வைக்காதே.
ரயில் போகும்.