இரும்படிக்கும் இடத்தில்

வீப்கே ஹார்ம்ஸ் மூன்று மாதம்
சந்தோஷமாக இருந்தாள்.
ரோஸ்டோக்கில் அதை மறைக்க முடியாது.
நவம்பரிலும் சைக்கிளில் வந்தாள்,
வார்னோ ஆற்றுக் காற்று
முகத்தில் அறைய அறைய.

இரண்டு கரி வளையங்களை
ஒன்றோடொன்று கோக்க வேண்டும்,
அவ்வளவுதான் காரியம்.
மாத்திரைக்கும் கைபேசித் திரைக்குமாக
உலகம் தினமும் கோத்துக்கொண்டுதான் இருக்கிறது
பல்லேடியத்தை வைத்து.
மலையைக் குடைந்து, டன் கல்லை அரைத்து,
சில கிராம் தேறுகிற
சீமான் வீட்டு உலோகம்.

அவள் இரும்பை வைத்துக் கோத்தாள்.
ஆணியாகிற, துருவாகிற,
ரத்தத்தில் ஓடுகிற இரும்பு.
கரைக்க வெறும் தண்ணீர், கொஞ்சம் சாராயம்.
தொண்ணூற்றொரு சதவீதம்.
மறுபடியும் செய்தாள்: எண்பத்தொன்பது.
பக்கத்து மேசை ட்யார்க் கேக் வாங்கி வந்தான்,
அதன்மேல் சர்க்கரைப் பாகில்
'Fe' என்று எழுதி.

கட்டுரை அச்சுக்குப் போகும் முன்பே
போர்ட்டோவிலிருந்து ஒரு கடிதம்.
ஜசிந்தா வால்தேவெஸ் எழுதியிருந்தார்:
நீங்கள் சொன்னபடியே செய்தோம்.
நான்கு முறை. பூஜ்யம்.
தவறு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அந்த மரியாதைதான்
அவளைத் தூங்கவிடவில்லை.

இரும்பு வந்த புட்டியைச் சந்தேகித்தாள்.
தண்ணீரை, தராசை,
குடுவை கழுவும் பிரஷ்ஷை,
ஒரு ராத்திரி தன் கையையே.
எல்லாவற்றையும் புதிதாக வாங்கினாள்,
ஒன்றைத் தவிர.
குடுவையின் அடியில் சுழலும் காந்தத் துண்டு;
புளியங்கொட்டை நீளம்,
வெள்ளை உறை,
யார் விட்டுப்போனதோ,
எத்தனை ஆண்டாக எத்தனை பேருடைய
கரைசலைக் கலக்கியதோ.
அமிலத்தில் கழுவினால் பளிச்சென்று இருக்கும்.

நுண்ணோக்கியில் பளிச்சென்று இல்லை.
உறையில் நகக்கீறல் போல் ஒரு கோடு,
கோட்டுக்குள் கரும்புள்ளிகள்,
எறும்பு வரிசை.

புதுத் துண்டு, இரும்பு: பூஜ்யம்.
பழைய துண்டு, இரும்பு இல்லை: தொண்ணூறு.

இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை?
எல்லா வேலையும்.
சம்மட்டி ஓங்கியது, உலை ஊதியது,
பெயரை மட்டும் இரும்புக்கு விட்டுவிட்டு
கீறலில் ஒண்டிக்கொண்டது.

ஆசிரியர் குழுவுக்கு எழுதினாள்:
கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.
காரணம் என்ற கட்டத்தில்
முதலில் ஒரு பக்கம் எழுதி, அழித்து,
'கலக்கிய துண்டு' என்றாள்.
ஜசிந்தாவுக்கு எழுதியது அதைவிட நீளம்;
அதில் கேக்கைப் பற்றியும் இருந்தது.

ட்யார்க் அந்தத் துண்டைக்
குப்பையில் போடப் போனான்.
இரு, என்றாள்.
சாயங்காலம் நாலு மணி, வெளியே இருட்டிவிட்டது,
துறைமுகத்தில் ஸ்வீடன் கப்பல்
ஒருமுறை ஊதி ஓய்ந்தது.
அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்:
அந்தக் கீறலில் இருப்பது
எந்தத் தராசிலும் நிற்காது.
இத்தனை கொஞ்சம்
மூன்று மாதம் சலிக்காமல் கோத்திருக்கிறது.
அப்படியானால் இத்தனை நாளாக
கரண்டி கரண்டியாக
எதற்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம்?

சின்னச் சீசாவில் துண்டைப் போட்டு மூடினாள்.
லேபிளில் தேதி.
பெயர் எழுதும் இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
கேக்கில் மிச்சமிருந்த 'e'-யை
ட்யார்க் தின்றுகொண்டிருந்தான்.