கெடு தாண்டியதன் நிறம்

இராயக்கோட்டை ரோட்டு மேம்பாலத்தை ஒட்டிய மாடி அறை.
லாரி போனால் ஜன்னல் கம்பி பேசும்.
இரவு பதினொன்றரைக்கு
செய்ய வேண்டியவை பட்டியலுக்கு
உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எழுத்து.
பார்க்க அழகாயிருந்த ஒன்று
'கொசுவலை வாங்க' என்பதில்
கொம்பைத் தனியே பிய்த்து வைத்தது,
பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம்,
யாரோ வரவேண்டிய காலி நாற்காலி.
இன்னொன்றில் ழகரத்துக்குச் சுழியே இல்லை.
மூன்றாவது பரவாயில்லை,
தாலுகா ஆபீஸ் பலகை மாதிரி.
இருக்கட்டும்.

கட்டங்களை வட்டமாக்கினேன்.
முடித்ததின் மேல் விழும் கோட்டை
மெல்லியதாக்கினேன்.
கேஸ் புக் பண்ணியது என்ன குற்றமா,
அப்படி அடித்துக் காட்ட?

பின்னணிக்கு மஞ்சள்.
எந்த மஞ்சள்?
எங்கள் கூழ் ஆலை லேபில்
முனிரத்தினம் ஓர் அட்டை வைத்திருக்கிறான்,
பெங்களூரா மாம்பழத்துக்கு மட்டும் ஒன்பது மஞ்சள்.
ஏழாவதைத் தாண்டிக் கறுத்தால்
லாட்டையே திருப்பிவிடுவான்.
நான்காவதைப் படம் பிடித்து வந்திருந்தேன்.
அதன் ஆறு குறிகளைக் கண்டுபிடிக்க
ஒரு மணி நேரம்.
திரை முழுக்கக் கூழ் பரவியது,
ஈ மட்டும்தான் இல்லை.

சிவப்பு போகவில்லை.

'செண்பகவல்லியிடம் ஆறாயிரம் கேட்க.'
நாற்பத்தொரு நாளாய்
அந்த ஒரு வரி மட்டும் சிவப்பு.
செட்டிங்ஸில் எல்லாவற்றுக்கும் வழியிருக்கிறது,
கெடு தாண்டியதற்கு இல்லை.
அந்த நிறத்தைச்
செய்தவர்களே வைத்துக்கொண்டார்கள்.
மஞ்சளில் அது இன்னும் எடுப்பு.
கறுப்புக்கு மாற்றிப் பார்த்தேன்:
டோல்கேட்டில் நகராத லாரியின் பின்விளக்கு,
எனக்கு முன்னாலேயே.
சாம்பலில், நீலத்தில், எதிலும்
ஆறாயிரம் ஆறாயிரமாகவே இருந்தது.

மணி இரண்டு.
தேதியைத் தொட்டேன்.
வரும் வெள்ளி என்று போட்டேன்.
சட்டென்று மற்ற வரிகளைப் போல
சாதுவாகிவிட்டது.
ஒரு விரல்.
இவ்வளவுதானா.

காலையில் ரவுண்டானா நிறுத்தத்தில்
செண்பகவல்லி முகத்தருகே வந்து பார்த்தாள்.
"என்னடி, கண்ணு ரெண்டும் இப்படிச் செவந்திருக்கு?"
"ராத்திரி கொஞ்சம் வேலை" என்றேன்.

"நீ உக்காரு" என்று
எனக்கும் சேர்த்து அவளே
சீட்டு வாங்கினாள்,
பெண்களுக்குக் காசு கேட்காத
டவுன் பஸ்ஸில்.