தெமுக்கோ நகரப் பள்ளி, மாடிக் கழிப்பறை

பள்ளிக்குள் விற்கத் தடை.
ஆனாலும் புத்தகப் பையில் வந்துவிடுகிறது.
பொட்டலத்தின் நெற்றியில் கறுப்பு எண்கோணங்கள்:
உப்பு மிகுதி, கொழுப்பு மிகுதி, சர்க்கரை மிகுதி.
எச்சரிக்கை என்றுதான் அச்சடித்தார்கள்.
பிள்ளைகளுக்கு அது பதக்கம்.
"எனக்கு நாலு!" என்று கத்துகிறான் நெஹுவென்.
இரண்டே உள்ளவன்
பொட்டலத்தைத் திருப்பிப் பிடித்துக்கொள்கிறான்.

கூட்டிப் பெருக்குகிறவள் நான்.
மணியடித்த பின் முற்றமெங்கும் சரசரப்பு,
மழை விழுந்தால் எண்ணெய் மினுக்கம்.
யார் யாரோடு சேர்த்தி,
எவளை எந்தக் கூட்டம் கழற்றிவிட்டது,
எல்லாம் காலிப் பொட்டலம் சொல்லிவிடும்.

மாடியில், பெண்கள் கழிப்பறைக் கூடையில்,
அடியோடு அடியாக,
காகிதம் சுற்றிய ஒரு பேரிக்காய்க் காம்பு, நாலு விதை.
செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான்.
சிகரெட் பிடிப்பதுபோல்
ஒளிந்து தின்றிருக்கிறாள் ஒருத்தி.

நேற்று வாளியோடு உள்ளே போனேன்.
மூடிய கதவுக்குப் பின்னால்
நறுக்கென்று ஒரு கடி.
அப்புறம் மூச்சுகூட இல்லை.
குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன்,
அந்த இரைச்சலில் மென்று முடிக்கட்டும் என்று.

வாளி நிரம்பி வழிந்தது. குழாயை மூடினேன்.
அடுத்த கதவுக்குப் பின்னால்,
கொஞ்சம் தாமதமாக,
இன்னொரு
நறுக்.