பத்துக்கு ஆறரை

முதல் குற்றம்:
ஓநாய்க்கு இத்தனை மயிர் ஆகாது.
பழைய தோகுவுக்கு முதுகில் ஏழே கோடு.
அந்த ஏழையும் கணக்கு நோட்டின் ஓரமெல்லாம்
வரைந்து வரைந்து வளர்ந்தவள் நான்.
இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.
புதிய தோகு சிலிர்த்தால்
ஒவ்வொரு மயிரும் தனித்தனியே காற்று வாங்குகிறது.
அழகுதான்.
பயமாக இல்லை.

ஹச்சினோஹேயில் பிப்ரவரி.
மீன் உறைகிடங்கில் இரவு வேலை முடித்து
பூட்ஸில் உப்போடு வருவேன்.
அடியில் சூடு வைத்த மேசைப் போர்வைக்குள்
எனக்கு முன்பே கால் நீட்டியிருப்பாள் கிரிகோ,
காய்ந்த கணவாயை மென்றபடி.
வாரத்துக்கு ஓர் அத்தியாயம்.
என் கையில் பென்சில்.
"நீ பார்க்கிறாயா, வழக்கு நடத்துகிறாயா?"

வழக்குத்தான்.
இருபத்தாறு அத்தியாயத்தைப்
பன்னிரண்டாக மடித்திருக்கிறார்கள்,
பெரிய போர்வையைச் சின்னப் பெட்டியில் திணிப்பதுபோல்;
படகுக்காரன் காலோடு வெளியே தொங்குகிறான்.
வெல்னா உப்பளத்தைக் கடக்கும் இடம்:
அன்றைக்குக் காசு தீர்ந்துபோய்
ஒரே படத்தை எட்டு வினாடி நிறுத்திவிட்டார்களாம்.
காற்று மட்டும் ஓடும்.
அந்த எட்டு வினாடியில் நான் மூச்சு விட்டதில்லை.
இப்போது காசு இருக்கிறது.
கேமரா அவளை மூன்று முறை சுற்றுகிறது.
வயலின் வேறு.

ஒன்பதாம் வாரம் மட்டும் பென்சிலைக் கீழே வைத்தேன்.
உப்பரசி வாய் திறந்தாள்.
அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
அன்று வெல்னாவாகப் பேசியவளேதான்,
இப்போது அடியில் கொஞ்சம் மணல் தங்கிய குரலில்,
எதிரே நிற்கும் சின்னப் பெண்ணிடம்
"உன் குரலைக் கொடு" என்கிறாள்.
சின்னப் பெண் கொடுக்க மறுக்கிறாள்.
கிரிகோ மெல்வதை நிறுத்தினாள்.
அரை மதிப்பெண் அங்கே வந்ததுதான்.

மார்ச் கடைசி வெள்ளி, முடிவு.
தோகு செத்துப்போனது.
வெல்னா தனியே படியிறங்கிப் போனாள்.
நான் எழுந்து நின்று கத்தினேன்:
"இப்படி இல்லை!
தோகு கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கும்.
அடியில் உப்பு மட்டும் மிஞ்சும்.
அவள் அதில் குதிகாலால் தன் பெயரை எழுதுவாள்.
இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?"

மறு வாரம் கிரிகோ
மைத்துனனிடம் பழைய குறுந்தட்டுகளை வாங்கிவந்தாள்.
இருபத்தாறாம் அத்தியாயம்.
தோகு செத்துப்போனது.
வெல்னா தனியே படியிறங்கிப் போனாள்.
கடலை யாரும் குடிக்கவில்லை.
போதாதென்று படத்தை நிறுத்தி
திரையில் விரல் வைத்து எண்ணினாள்:
ஓநாய் முதுகில் கோடு ஐந்து.

அப்புறம்தான் நினைவு வந்தது, பேஸ்பால்.
தொண்ணூற்று மூன்று, ஆகஸ்ட்.
வீடியோ டெக்கில் நேரம் குறித்துவிட்டு
எல்லோரும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம்.
ஆட்டம் பன்னிரண்டாம் இன்னிங்ஸ் வரை இழுத்தது
டெக்குக்கு எப்படித் தெரியும்?
திரும்பி வந்து போட்டால்
யாரோ ஒருவன் பந்தைக் கோட்டுக்கு வெளியே
தட்டித் தட்டியே பதினெட்டு நிமிடம்.
பிறகு பாட்டு.
பிறகு வெல்னா அரியணையின் முதல் படியில்
கால் தூக்கினாள்.
நாடா தீர்ந்தது.
ஷுங்கோ அண்ணன் சிரித்தான்.
அடுத்த வாரமே ஊர் மாற்றம்; கேட்க ஆளில்லை.
புது வீட்டில், பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே படுத்து
தூக்கிய காலை நானே இறக்கிவைத்தேன்.
கடலையும் அங்கேதான் குடிக்க வைத்திருக்கிறேன்.

"அப்படியென்றால்," என்றாள் கிரிகோ,
"இவ்வளவு நாளாக யாரோடு சண்டை போட்டாய்?"

ஆறரையை அழிக்கவில்லை.
மயிர் அதிகம்தான், அதில் மாற்றமில்லை.
"சரி, உன் முடிவுக்கு எத்தனை?"
கணவாய் வாசத்தோடு நோட்டை என் பக்கம் தள்ளினாள்.
பென்சிலை எடுத்தேன்.
எண் எதுவும் வரவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு ஓநாயை வரைந்தேன்.

ஏழு.