இதர செலவு

ருஸ்தாவி உர ஆலையில்
இருபத்தாறு வருடம் பேரேடு எழுதியவள் நான்.
ஒரு தெத்ரி உதைத்தாலும்
விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனதில்லை.
ஆகவே டாக்டர் எலீசோ
நீல நோட்டு ஒன்றை நீட்டி
"கடலுக்குப் போகிறாயா, போ.
வாயில் போவதையெல்லாம் இதில் எழுது" என்றபோது
சிரித்துக்கொண்டேன்.
தெரிந்த வேலைதானே.

ரயிலில் அவித்த முட்டை ஒன்று. எழுதினேன்.
வெள்ளரிப் பிஞ்சு இரண்டு. எழுதினேன்.
எதிர் இருக்கைக்காரர்கள் பிரித்த பொட்டலத்தில்
கோழிக்கால் ஒன்று என் பக்கம் வந்தது.
மறுத்தால் மனம் நோகும்.
மரியாதைக்குத் தின்றதை
எந்தத் தலைப்பில் எழுதுவது?
'இதர செலவு' என்று போட்டேன்.

பதூமியில் முதல் நாள்
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒப்பேற்றினேன்.
இரண்டாம் நாள் மேசைக்கு வந்தது கச்சாபுரி.
படகு வடிவ ரொட்டி,
உள்ளே பாலாடைக்கட்டி இன்னும் கொதிக்கிறது,
நடுவே தளும்பும் மஞ்சள் கரு,
அதன் ஓரத்தில் ஒரு வெண்ணெய்க் கட்டி
வேலையற்ற மைத்துனன் போலச் சாய்ந்து கிடந்தது.
துர்மிஷ்கான் தன் படகின் முனையைப் பிய்த்தார்,
கருவைக் கலக்கினார், தோய்த்தார்.
என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.
முப்பது வருட மணவாழ்வில்
அவர் செய்த பெரிய உபகாரம் அது.

இரவில் நோட்டை எடுத்து
'பாதிப் படகு' என்று எழுதினேன்.
தண்ணீருக்கு மேலே தெரிகிற பாதி என்று
கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

நான்காம் நாள் நோட்டு குளியலறையில் நனைந்துபோயிற்று.
தானாகவே.

அன்று மாலை கடலோர நடைபாதையில்,
மூங்கில் புதருக்கு அருகே,
மடக்கு நாற்காலி ஒன்று,
எடை பார்க்கும் எந்திரம் ஒன்று,
மக்வாலா.
அட்டையில் பென்சில் எழுத்து: எடை, ஐம்பது தெத்ரி.
ஒருவரும் நிற்கவில்லை.
விடுமுறையில் வந்தவர்கள்
காசு கொடுத்தா கெட்ட செய்தி வாங்குவார்கள்?
நான் வாங்குவேன்.
உதைக்கிற கணக்கோடு எனக்குத் தூங்க வராது.

செருப்பைக் கழற்றினேன்.
கைப்பை, ஈரத் துண்டு, கடிகாரம்,
கொண்டை ஊசி மூன்று,
பிறகு, சற்று யோசித்து, கழுத்துச் சங்கிலி.
துர்மிஷ்கான் எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு
கோட்டு மாட்டும் கொம்பு போல நின்றார்.
சூரியகாந்தி விதை கொறித்தபடி மக்வாலா கேட்டாள்:
"கையில் என்ன?"

பீச் பழம்.
இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாக.
ஒன்றே ஒன்று.
"இதைத் தின்றுவிட்டு ஏறட்டுமா?"

தொலியைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:
"கையில் இருந்தாலும் வயிற்றில் இருந்தாலும்
எந்திரத்துக்கு ஒன்றுதான்.
வித்தியாசம் உனக்குத்தான், அம்மா."

முள் ஆடி ஆடி நின்றது.
எண்ணைச் சொல்ல மாட்டேன்.
கிளம்பும்போது எலீசோ குறித்ததைவிட
ஒன்றரைக் கிலோ மேலே.
அழுகை வரும் என்று காத்திருந்தேன்.
வந்தது ஒரு பழைய தொழில் எரிச்சல்:
பேரேட்டில் தேய்மானத்துக்குப் பத்தி உண்டு,
தேறியதை எழுத
ஒரு கோடுகூடக் கிடையாது.

"நீ ஏறிப் பார்ப்பதுண்டா?" என்றேன்.
"என் மாமியாருடைய எந்திரம் இது.
நான் ஏறியதே இல்லை" என்றாள்,
சில்லறையை எண்ணிக்கொண்டே.

பேருந்து வந்தது. விட்டுவிட்டோம்.
விடுதி நாலு கிலோமீட்டர்.
வழியெல்லாம் கூழாங்கல்லை அலை இழுக்கிற சத்தம்,
துர்மிஷ்கான் சங்கிலியை மாட்டிவிடப் பார்த்து
கொக்கி தெரியாமல் திணறினார்.
பழத்தைக் கடித்தேன்.
சாறு முழங்கைவரை ஓடி
மணிக்கட்டிலிருந்து திரும்ப நக்க வேண்டியதாயிற்று,
ஐம்பத்து நாலு வயதில், தெரு விளக்கின் கீழே.

நோட்டுத் தாள் இன்னும் ஈரம்.
மை பரவிற்று. இருந்தாலும் எழுதினேன்:
பீச், ஒன்று.
கொட்டை நீங்கலாக.