மூன்றாம் மாடி, நான்காம் கதவு

கஜபதிதான் போனில் காட்டினான்,
திருவான்மியூர் சிக்னல் தாண்டி
வேப்பமர நிழலில் வண்டியைச் சாய்த்திருந்த மதியம்.
ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கணக்கு.

பத்து வீடுகள்.
முதல் மாடியில் மூன்று, நான்கு, ஏழு.
இரண்டில் ஐந்தும் ஆறும்.
மூன்றில் இரண்டும் நான்கும்.
நான்கில் இரண்டு, மூன்று, ஐந்து.
ஏதோ ஒன்றில் ஒருத்தி இருக்கிறாள்.
மாடியை மட்டும் ஒருவனிடம் சொன்னாள்,
கதவெண்ணை மட்டும் இன்னொருவனிடம்.

எனக்குத் தெரியாது,
உனக்கும் தெரியாதென்று தெரியும், என்றான் முதலாமவன்.
இதுவரை தெரியாது, இப்போது தெரிகிறது, என்றான் மற்றவன்.
அப்படியானால் எனக்கும், என்றான் முதலாமவன்.

அவ்வளவுதான் பேச்சு.
வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

லிஃப்ட் ஓடாத பிளாக்கில் ஐந்து மாடி ஏறி
'பக்கத்து பிளாக்குப்பா' என்று கேட்டு
பிரியாணி ஆறுவதற்குள் இறங்கி ஓடியவன் நான்.
எனக்கு இது விளையாட்டில்லை.

கஜபதியின் போன் சிணுங்கியது. போய்விட்டான்.
என்னுடையது சிணுங்காது.
ஐடியை முடக்கி அன்றோடு ஆறு நாள்.

நேரம் கிடந்தது.
பெட்ரோல் பில்லின் முதுகில் கட்டம் போட்டேன்.
ஏழும் ஆறும் ஒரே ஒரு மாடியில்தான் வருகின்றன.
அந்த மாடிகளில் ஒன்றென்றால்
'உனக்கும் தெரியாது' என்று அத்தனை உறுதியாகச் சொல்வானா?
ஒன்றையும் இரண்டையும் அடித்தேன்.
மிச்ச இரு மாடியிலும் இரண்டு இருக்கிறது;
அதுவாக இருந்தால் மற்றவன் இன்னும் விழித்திருப்பான்.
அதையும் அடித்தேன்.
நான்காம் மாடியில் இரு கதவுகள் மீதி.
மூன்றாம் மாடியில் ஒன்றே ஒன்று.

தனியாகக் கை தட்டினேன்.
ஒரு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

இரவு, ராயபுரம்.
டெல்பின் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.
விடையை மட்டும் மறைத்துக் கணக்கைச் சொன்னேன்.
கையைக் கழுவிவிட்டு வந்து பில்லை வாங்கினாள்.
கட்டங்களைப் பார்த்தாள்.
பிறகு திருப்பிப் பார்த்தாள்.
அந்தப் பக்கம் அச்சில் இருந்தது
நூறு ரூபாய், போன வியாழக்கிழமைத் தேதி.

நூறு ரூபாய் பெட்ரோல்
எனக்கு ஒரு நாள்கூடத் தாங்காது.
அவளுக்குத் தெரியும்.

'மூணாவது மாடி, நாலு' என்றாள் சற்றுக் கழித்து.
'எப்படி?'
'அவங்க சொன்னதுல என்ன இருக்கு.
சொல்லாததுலதான் இருக்கு.'

வேறு எதுவும் கேட்கவில்லை.
எத்தனை ஆர்டர் என்று தினமும் கேட்பவள்
இந்த வாரம் ஒரு நாளும் கேட்கவில்லை என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
நான் தலை நிமிர்ந்த விதத்தில்
எனக்கு உறைத்தது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

மறுபடி இறாலிடம் போனாள்.
முதுகு நரம்பை இழுத்தெடுத்தபடி
திரும்பாமலே சொன்னாள்:
'காலைல உன் கம்பெனி சட்டையைத் துவைச்சுப் போடறேன்.
காய ஒண்ணும் அவசரமில்லையே?'

இல்லை என்றேன்.